பொன்மலரும் முப்பத்தேழு உடைந்த பேக்கேஜும்

வேலூர்க் கோட்டையைக் கட்டியவர்கள் இன்றைக்கு உயிரோடு இருந்தால், அகழியில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் ஆம்பூருக்கு ஆள் அனுப்பிப் பொன்மலரைத்தான் கூப்பிடுவார்கள். பழுது என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது அவள் கைக்குத் தப்பாது. கம்ப்யூட்டர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அவள் ஒரு தட்டுத் தட்டினால் ஏலகிரி மேலே மேகம் விலகும். சோளிங்கர் மலைக் குரங்குகள் பிடுங்கின வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நிற்கும். அமெரிக்காவில் இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர்களே, அது மக்கர் பண்ணினால் அடித்துப் பிடித்து விமானம் ஏறி, வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ்ஸைப் பிடித்து, அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்களாம்.

இதெல்லாம் ஷூ கம்பெனியின் லேபிள் டேபிளில் பெண்கள் அவிழ்த்துவிடுவது. உண்மை இவ்வளவுதான்: பொன்மலருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம்.

கம்ப்யூட்டர் மட்டுமா. ஃபோன் மணி அடித்தால் பயம், அடிக்காமல் இருந்தால் அதைவிடப் பயம். கம்பெனி சைரன் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதும். பதினான்கு வருஷமாகக் கேட்கிறாள், நான்கு தடவையும் தூக்கிவாரிப் போடும். பல்லி, லிஃப்ட், பஸ்ஸில் சில்லறை கேட்கும் கண்டக்டர், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற எவரும். காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் கீபோர்டில் விரல் வைக்கமாட்டாள். ஷாக் அடித்தால் என்ன பண்ணுவது. செருப்பு அறுந்துபோன ஒரு நாள், பேக்கிங்கிலிருந்து இரண்டு தெர்மோகோல் துண்டு வாங்கி அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

ஆனால் ஒரு பயம் இதையெல்லாம்விடப் பெரிது. அது பேஸ்டிங் டேபிள்.

ஆலங்காயம் சர்ச்சில் மணியடிக்கும் ஏசுராஜின் மூத்த மகள் பொன்மலர். பத்தாவது முடித்த கையோடு கம்பெனிக்கு வந்தவளை உட்கார வைத்த இடம் அதுதான். ஷூவின் மேல்பக்கத் தோலையும் உள்ளே வரும் லைனிங்கையும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற டேபிள். அந்தச் சொல்யூஷன் நெடி மற்றவர்களுக்கு ஒரு வாரம் தலைவலி கொடுக்கும், அப்புறம் பழகிவிடும். பொன்மலருக்குப் பழகவில்லை. நெஞ்சில் இழுப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கேட்பவர்களிடம் செருப்பில் கல் என்பாள். ஒன்று அந்த நெடியை விடு, இல்லையென்றால் நெஞ்சை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து வருஷம் அப்படியே ஓட்டியபடி, சாயங்காலத்தில் வாணியம்பாடியில் டைப் அடிக்கப் படித்து, லோயர், ஹையர் இரண்டையும் முடித்து, ஒருவழியாக டெஸ்பாட்ச் ரூமில் ஒரு நாற்காலி வாங்கினாள். பேக்கிங் ஹாலை ஒட்டிக் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஏற்றுமதியாகிற ஒவ்வொரு கார்ட்டனுக்கும் ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பேக்கிங் லிஸ்ட். இரண்டையும் கம்ப்யூட்டரில் அடித்து எடுக்க வேண்டும். அந்த அறையில் காகித வாசனை மட்டும்தான். இழுப்பு பாதியாகக் குறைந்தது.

கம்ப்யூட்டரில் முதலில் எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் என்கிற ஜன்னல் சிஸ்டம்தான் இருந்தது, காசு கொடுக்காமல் ஏற்றியது. இரண்டாயிரத்து ஏழில், அப்படி வைத்திருக்கிற கம்பெனிகளில் ஆள் புகுந்து பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு புரளி ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பி வந்தது. முதலாளியின் தங்கை மகன் தௌசீப் அகமது அப்போது இஞ்சினியரிங் கடைசி வருஷம். காசே வேண்டாத சிஸ்டம் ஒன்று இருக்கிறது, லினக்ஸ் என்று பெயர் என்று சொல்லி, ஒரு சிடியைப் போட்டு ஏற்றிவிட்டான். பென்குயின் படம் போட்ட சிடி. மூன்றாம் மாதம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போவதற்கு முன்னால் ஒரு நீட்டு நோட்டில் நான்கே நான்கு வரி எழுதிப் பொன்மலரிடம் கொடுத்தான். மக்கர் பண்ணினால் இந்த நான்கையும் வரிசையாக அடிங்கக்கா, அது என்ன கேட்கிறதோ படித்துவிட்டு, ஆமாம் என்பதற்கு ஒய் என்று தட்டுங்க, பயப்படாதீங்க என்றான்.

கடைசி வார்த்தையை யாரிடம் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொன்மலர் கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. திரையில் எது வந்தாலும், ஒய் தட்டுவதற்கு முன்னால், அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வாள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், வேகமாகப் படிக்க வராது. அதனால் தமிழ் எழுத்தில், எழுத்துக்கூட்டி. பெயர், பக்கத்தில் இருக்கிற புள்ளி வைத்த எண், தேதி, மணி. எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுவாள். ஐந்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகும். ஒன்றரை வருஷத்தில் மூன்று நோட்டு தீர்ந்தது.

தௌசீப் எழுதிய நான்கு வரியும் ஒரே சொல்லில் தொடங்கும்: சூடோ. அதை அடித்தால்தான் பெட்டி மதிக்கும். அடித்ததும் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, இருட்டில் ஊசியில் நூல் கோப்பதுபோல் தட்ட வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு என்ன என்பது இங்கே வேண்டாம், அது அவள் சொந்த விஷயம். வாய்க்குள் சூடோ சூடோ என்று முணுமுணுத்துக்கொண்டு அடிப்பதைக் கேட்டு, லேபிள் டேபிளில் அவளுக்குச் சூடோ அக்கா என்று பெயர் வைத்தார்கள். வைத்தது ஃபிர்தௌஸ். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த பதினேழு வயசுப் பெண். சூப்பர்வைசர் நாற்காலியில் லேபிளைப் பசைப்பக்கம் மேலாக வைப்பது, விசிலுக்குள் பஞ்சு அடைப்பது இதெல்லாம் அவள் இலாகா.

ஒருமுறை பிரிண்டர் இருநூறு ஸ்டிக்கரைத் தலைகீழாகத் துப்பியது. டெஸ்பாட்ச் மேனேஜர் முக்தார் அகமது சத்தம் போடுகிறவர் அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு வாட்டி இது படுத்துக்கிச்சின்னா மெட்ராஸ்லர்ந்து ஆளைக் கூப்பிட்டு காசு குடுத்தே பழைய சிஸ்டத்தைப் போட்டுடுவேன். அந்த ஆளே இங்க உக்காந்துக்குவான். நீ உன் பழைய டேபிளுக்குப் போய்டும்மா."

அன்றிலிருந்து தினமும் காலையில் சுவிட்சைப் போடும்போது பொன்மலருக்குச் சொல்யூஷன் நெடி அடிக்கும். அறையில் சொல்யூஷன் இருக்காது. ஆனாலும் அடிக்கும்.

இரண்டாயிரத்து எட்டு, ஆவணி மாதம். மின்சாரம் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்த காலம். ஒரு புதன்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு கார்ட்டன் ஷூ கண்டெய்னரில் ஏற வேண்டும். பதினோரு மணிக்கு லாரி வரும், நான்கு மணிக்குக் கேட்டைத் தாண்டினால்தான் சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியும். கார்ட்டன் எல்லாம் டேப் ஒட்டி ஹாலில் அடுக்கியாகிவிட்டது. பாக்கி பொன்மலர் வேலைதான். நானூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர், ஒரு பேக்கிங் லிஸ்ட்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம், டீ நேரத்தில், அவள் டம்ளர் கழுவப் போயிருந்தபோது யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பிரௌசிங் சென்டரில் கிடைத்த ஒரு சிடியிலிருந்து ஒரு பூனைக்குட்டியை ஏற்றிவிடுவது, அவ்வளவுதான். திரையில் அம்புக்குறி எங்கே போனாலும் குட்டி பின்னாலேயே ஓடும், அம்புக்குறி நின்றால் காதைச் சொறிந்துகொண்டு அங்கேயே தூங்கிவிடும். காலையில் பொன்மலர் அதைப் பார்த்து அலறுவாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரிக்கலாம். ஆனால் சிடி புதுசு, பெட்டியில் இருந்த சிஸ்டம் பழசு. குட்டி தனியாக வராமல், புதுச் சாமான் சிலதையும் இழுத்துக்கொண்டு வந்து பழைய சாமான்மேல் உட்கார வைத்தது. பாதியில் கரண்ட் போயிற்று. அன்றைய வேலை முடிந்திருந்ததால் பொன்மலர் திரும்பிவந்து உறையைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு உறையை எடுத்தாள். பென்குயின் வந்தது. ஸ்டிக்கர் அடிக்கிற படத்தின்மேல் தட்டினாள். ஒரு கணம் திறந்து, மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள். திறக்கவே இல்லை.

பொன்மலர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். நோட்டை விரித்தாள். வரி அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து முதல் வரியை அடித்தாள். நடுவில் எதுவோ அறுந்துபோயிருக்கிறது என்றது. இரண்டாவது வரி. சரசரவென்று பெயர்கள் இறங்கின. எண்ணினாள், முப்பத்தேழு. இந்த முப்பத்தேழையும் எடுத்து எறிந்துவிடட்டுமா, ஒய்யா, இல்லையா என்று கேட்டது. அந்த வரிசையில் ஸ்டிக்கர் அடிப்பதும் இருந்தது, பிரிண்டரும் இருந்தது, திரையில் படம் காட்டுகிறதே அதுவும் இருந்தது. பயந்துபோய் இல்லை என்று தட்டினாள். மூன்றாவது வரிக்குப் பெட்டி ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி நின்றுவிட்டது. அவள் அதை எழுத்துக்கூட்டி நோட்டில் எழுதினாள். எழுதியது இது: யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்.

அந்த நேரம் பார்த்து மஹபூப் பாஷா கதவைத் திறந்தார். பேக்கிங் சூப்பர்வைசர். நல்ல மனுஷன், கழுத்தில் விசில், காலில் சக்கரம். ஸ்டிக்கர் வந்துவிட்டதா என்று கேட்க வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் நூறு வார்த்தை தெரியும். எல்லாம் கார்ட்டன்மேலும், வெளிநாட்டுக்காரன் அனுப்பும் கடுதாசியிலும் வருபவை. ஹெல்ட் என்றால் சரக்கை நிறுத்திவைப்பது. புரோக்கன் என்றால் உடைசல். பேக்கேஜ் என்றால் பேக்கேஜ். பெட்டிக்குள்ளே இருக்கிற மென்பொருளுக்கும் பேக்கேஜ் என்றுதான் பெயர் என்று ஆம்பூரில் எந்த சூப்பர்வைசருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.

"இது யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது பாய்."

"எத்தினி?"

"முப்பத்தேழு."

அவர் விசிலைக் கையில் எடுத்தார். கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் சரக்கை வாங்கும் ஜெர்மனிக்காரன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் ஹாலில் விசில் கிழிந்தது. முப்பத்தேழு கார்ட்டன் உடைந்திருக்கிறதாம், சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், எது என்று தெரியாது, எல்லாவற்றையும் பிரியுங்கள் என்றார்.

பொன்மலர் நாற்காலியை விட்டு எழுந்தாள். உடைந்தது அது இல்லை பாய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்குப் பழகின விஷயம்தான், பயத்தில் முதலில் தொண்டைதான் பூட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டாவது தடவை வாயைத் திறப்பதற்குள் ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. கார்ட்டனைப் பிரித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஸ்டிக்கர் எங்கே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு மூன்று ஞாயிறு சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே டேப்பை உரிக்கும் சத்தம். கர்ரென்று ஒவ்வொரு டேப்பும் அவள் நெஞ்சிலிருந்து உரிவதுபோல் இருந்தது. நாற்பது பெண்கள் இடுப்பொடிய நேற்று ஒட்டியது. பத்து மணிக்கு இழுப்பு ஆரம்பித்தது. விசில் மாதிரி சத்தம் வெளியிலிருந்து வருகிறதா தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபிர்தௌஸ் உள்ளே வந்து, பொன்மலர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்தாள், பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர். வாயே திறக்காமல் போய்விட்டாள். ஃபிர்தௌஸ் பேசாமல் போனது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. ஹாலுக்குப் போனவள் ஒவ்வொரு கார்ட்டனையும் இரண்டு தடவை பிரித்து, ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கைக்கு வந்த கார்ட்டன் நகரவே இல்லை. மஹபூப் பாஷா சோம்பேறி என்று திட்டினார். திட்டட்டும்.

தௌசீப்பின் மஸ்கட் நம்பருக்கு ஃபோன் போனது, எடுக்க ஆள் இல்லை. நான்காவது வரியையும் அடித்துப் பார்த்தாகிவிட்டது. பெட்டி அதே முப்பத்தேழைக் காட்டி, எறியட்டுமா என்று அதே கேள்வியைக் கேட்டது. விரல் ஒய்மேல் போய் நின்றது. எல்லாம் போய்த் தொலையட்டும், முக்தார் சார் வரட்டும், பழைய டேபிளுக்கே போய்விடலாம், இந்தப் பயத்துக்கு அந்த நெடி தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் மூச்சு அடைத்தது. நெஞ்சுக்குத் தேவலையாக இல்லை.

விரலை எடுத்தாள். வேறு ஒன்றும் தெரியாததால், தெரிந்ததைச் செய்தாள். முப்பத்தேழு பெயரையும் நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, பழைய மூன்று நோட்டையும் பிரித்துவைத்து, ஒவ்வொரு பெயராகத் தேடி டிக் அடித்தாள். ஸ்டிக்கர், இருக்கிறது, போன வருஷம் கார்த்திகை. பிரிண்டர், இருக்கிறது. எல்லாம் தெரிந்த முகங்கள். முப்பத்தாறு டிக். ஒன்று மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

ஒனெகோ.

மூன்று நோட்டையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். இல்லை. அவள் ஏற்றியது இல்லை. அவளுக்குத் தெரியாமல், அவள் நாற்காலியில், அவள் பாஸ்வேர்டை வைத்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அந்த நினைப்பில் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஹாலில் யாரும் இவள் பக்கம் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் ரொம்ப அக்கறையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கை யோசிக்க ஆரம்பித்தது. தலை அல்ல, கை. பேஸ்டிங் டேபிளில் லைனிங் மாறி ஒட்டிவிட்டால் என்ன செய்வார்கள். மேலே கிடைத்த இடத்தில் பிடித்து இழுத்தால் தோல் கிழியும், முழு ஜோடியும் வீண். கடைசியாக எது ஒட்டியதோ அதன் ஓரத்தைக் கண்டுபிடித்து, சூடு காட்டி, சொல்யூஷன் இளகினதும் அங்கிருந்து உரிக்க வேண்டும். பத்து வருஷத்தில் ஆயிரம் ஜோடி உரித்த கை அது. இந்தப் பெட்டி முப்பத்தேழையும் பிடித்து இழுக்கிறேன் என்கிறது. மடப்பெட்டி. கடைசியாக ஒட்டினது ஒன்றுதான்.

சூடு காட்டணும். சூடோ.

அவளுக்கே சிரிப்பு வந்தது. இழுப்பில் அது இருமலாக வெளியே வந்தது.

சூடோ அடித்து, பெட்டி காட்டிய வார்த்தையிலேயே எடு என்று அடித்து, ஒனெகோ என்று அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. இரண்டு தடவை தப்பானது. மூன்றாவதும் தப்பினால் என்ன ஆகும் என்று தெரியாது. இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். ஒனெகோ உரிந்து போனது.

முப்பத்தாறு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொன்றும் என்ன குறை சொல்கிறது என்று பார்த்தாள். எல்லாம் ஒரே பெயரைத்தான் காட்டின, அடியில் இருந்து எல்லாவற்றையும் தாங்குகிற ஒரு சாமான். நோட்டில் அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணும் திரையில் இருந்த எண்ணும் வேறு. அதாவது, உள்ளே இருந்த லைனிங்கை உருவிவிட்டு யாரோ வேறு அளவு லைனிங்கை வைத்திருக்கிறார்கள். பீரோவிலிருந்து பென்குயின் சிடியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். குறை சொன்ன வரிகளில் இருந்த மாதிரியே பெயர், சமன் குறி, நோட்டில் இருந்த பழைய எண். தட்டினாள்.

பெட்டி இந்தத் தடவை ஒய் கேட்கவில்லை. நீ செய்யப்போவது ஆபத்தான காரியம் என்றது. நிஜமாகவே வேண்டுமென்றால் இந்த வாக்கியத்தை முழுசாக அடி என்றது. ஆமாம், நான் சொல்கிறபடி செய்.

பொன்மலர் திரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் அவள் சொல்லாத வாக்கியம் அது. தம்பியிடம் சொன்னதில்லை, வீட்டுக் கோழியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் அடித்தாள். பெட்டி மறுத்துவிட்டது. கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி இருந்தது, அதை விட்டிருந்தாள். பேக்கிங் லிஸ்டில் எதற்கு ஆச்சரியப்பட வேண்டும், அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு திறந்தது. முக்தார் அகமது. மணி இரண்டே முக்கால்.

"ஸ்டிக்கர் எங்கம்மா?"

"இருங்க சார்."

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். சொன்னது தான்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை, விரல் ஒன்றாம் எண் சாவியில் அந்தக் குறியைக் கண்டுபிடித்திருந்தது. முக்தார் அகமது ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் மறுபடி முழு வாக்கியத்தையும், குறியோடு, அடித்தாள்.

சரசரவென்று வரிகள் ஓடின. எழுத முடியாத வேகம். நோட்டில் எழுதாமல் அவள் ஒரு காரியத்தை நடக்கவிட்டது அதுதான் முதல் தடவை. ஓடி ஓடி, நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. குறையில்லை என்றால் அந்தப் பெட்டி ஒன்றும் சொல்லாது. ஸ்டிக்கர் படத்தின்மேல் தட்டினாள். திறந்தது. திறந்தபடியே இருந்தது. பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஸ்டிக்கரைத் தள்ளியது, நேராக.

அப்புறம்தான் அவள் அவர் பக்கம் திரும்பினாள். இழுப்பு இன்னும் இருந்தது, இருந்தாலும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"பாக்ஸ் எதுவும் உடையல சார். உடைஞ்சது இதுக்குள்ள. பாய் தப்பா புரிஞ்சிக்கினாரு. அப்பவே சொல்லியிருக்கணும், நான் சொல்லல. பயத்துல இல்ல சார், எனக்கு டைம் வேணும்னுதான் சொல்லல."

முக்தார் அகமது கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம் கார்ட்டன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்மலருக்கு மறுபடி அந்த நெடி அடித்தது. அதற்குள் மஹபூப் பாஷா ஒரு கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மூன்று நாளாகக் காணோம் என்று அவர் ஹாலையே தலைகீழாக்கிய கத்தரிக்கோல், முன்னூற்று ஆறாவது கார்ட்டனில், ஷூவோடு ஷூவாகப் படுத்திருந்ததாம்.

"இது ஜெர்மனி போய் எறங்கியிருந்தா நம்ம கதி இன்னா சார். அதான் நான் பிரிங்கன்னு சொன்னேன்."

எதற்காகப் பிரிக்கச் சொன்னார் என்பதை அவர் அதற்குள் மாற்றிக்கொண்டுவிட்டார். முக்தார் அகமது கத்தரிக்கோலைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், டேப் ஒட்டுங்க என்று மட்டும் சொன்னார். நாற்பது பேரோடு பொன்மலரும் ஹாலில் இறங்கி டேப் ஒட்டினாள். கண்டெய்னர் நான்கு இருபதுக்குக் கேட்டைத் தாண்டியது. டிரைவர், கப்பலைப் பிடிக்கிறது என் பாடு என்று சொல்லிவிட்டுப் போனான், பிடித்தும்விட்டான்.

முக்தார் அகமது போகிறபோக்கில் சொன்னது இவ்வளவுதான்.

"நாளைக்கி நேரத்தோட வந்து இதே சீட்ல உக்காரும்மா."

அன்று பஸ்ஸில் பொன்மலர் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கினாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது லேபிள் டேபிள் பேச்சு, நம்புகிறவர்கள் நம்பலாம். மறுநாள் சைரனுக்கு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது மட்டும் உண்மை. நோட்டில் அந்தப் புதன்கிழமைக்குக் கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: ஒனெகோ, யார் போட்டது தெரியவில்லை, எடுத்தாகிவிட்டது. யாரிடமும் விசாரிக்கவில்லை.

இதெல்லாம் வீணாய்ப்போன ஸ்டிக்கர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. எழுதிய கைக்குச் சின்ன ரகரமும் பெரிய றகரமும் எப்போதும் தகராறு. அதனால் பிழை பார்த்துக் கொடுங்கக்கா என்று ஃபிர்தௌஸ் ஒரு மதியம் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். பொன்மலர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். வேலூர்க் கோட்டைக்குச் சிரித்தாள். குரங்குக்குச் சிரித்தாள். கோழியிடத்தில் முறைத்தாள். பிறகு இரண்டு தாள் பின்னால் போய், அந்த டீ நேரத்து வரி ஒன்றில் பேனாவை நிறுத்தினாள்.

"ஃபிர்தௌஸ்."

"இன்னாக்கா, பெரிய றவா?"

"இந்த ஒனெகோ. நான் அத்த உரிச்சிப் போட்டதோட சரி. அது ஓடி நான் பாக்கல. நோட்டுல பேரு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

ஃபிர்தௌஸ் கதவைப் பார்த்தாள். கதவைப் பொன்மலர் ஏற்கனவே சாத்தியிருந்தாள்.

"பூனையா அது?"

இந்தத் தடவை தொண்டை பூட்டிக்கொண்டது வேறு ஆளுக்கு.

"காதெல்லாம் சொறியுமாமே."

பொன்மலர் அந்த வரியின் அடியில் நிதானமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாஸ்வேர்ட எழுதாம மறைக்கத் தெரிஞ்சிச்சி. பூனைய மறைக்கத் தெரியலியேடி ஒனக்கு."